பேங்க் கணக்கு மாறிவிட்டது என்று மெயில் வந்தால்

ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் தோல், ஷூ தொழிலில் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். பல வருடப் பழக்கமுள்ள சப்ளையரிடமிருந்து மெயில் வரும்: "எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது, இந்த பில் பணத்தைப் புதுக் கணக்கில் போடுங்கள்." லோகோ, பில் நம்பர், தொகை எல்லாமே சரியாக இருக்கும். இரண்டு பக்கத்தில் யாரோ ஒருவருடைய மெயிலுக்குள் திருடன் முன்பே புகுந்து, எல்லாவற்றையும் படித்திருப்பான்.

அனுப்பியவர் முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஆங்கில 'எம்' (m) இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' (rn) இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கலாம். முகவரி சரியாக இருந்தாலும் நம்பிவிட வேண்டாம். மெயிலில் உள்ள நம்பரை விட்டுவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பழைய நம்பரில் கூப்பிட்டுப் பேசிய பிறகே பணம் அனுப்புங்கள். அக்கவுண்டன்ட் தம்பியிடமும் சொல்லிவையுங்கள், முதலில் மெயிலைத் திறப்பது பெரும்பாலும் அவர்தான்.

நாடு முழுக்க சைபர் மோசடியில் போனதாகப் பதிவான தொகை 2023-இல் சுமார் 7,465 கோடி ரூபாய். 2024-இல் அது சுமார் 22,845 கோடி. ஒரே வருடத்தில் மூன்று மடங்கு! மனசு பதறுகிறது.

வேலூர் லாங் பஜாரில் சின்னக் கடை வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று: யுபிஐயில் பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. கேட்டால் மோசடிதான்.

அப்படியும் பணம் போய்விட்டதா? உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள், அப்புறம் பேங்குக்கு. பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் சொன்னால் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. யுடிஆர் நம்பர் (பணம் அனுப்பியதற்கு பேங்க் தரும் அடையாள எண்), தொகை, நேரம் மூன்றும் கையில் இருக்கட்டும்.