படிப்பு கூடினால் ஊதிய இடைவெளி குறைந்துவிடுமா? கணக்குப் போடும்போது நேரும் தவறுகள்

பள்ளிக்கூடங்களைத் திறந்துவிட்டால் போதும், ஏழைக்கும் பணக்காரருக்கும் இடையிலான தூரம் தானாகச் சுருங்கிவிடும் என்ற நம்பிக்கை வளரும் நாடுகளின் கொள்கை வகுப்போரிடம் பல பத்தாண்டுகளாக வேரூன்றியிருக்கிறது. அந்த நம்பிக்கை பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது பாதிக் கணக்கு. படித்தவரை வேலைக்கு எடுப்பது யார், என்ன கூலி தருகிறார்கள், அந்தக் கூலி கீழே சரியாமல் எந்தச் சட்டம் தாங்குகிறது என்பதெல்லாம் மறுபாதி. மறுபாதியை விட்டுவிட்டு எழுதப்படும் அறிக்கைகள், படித்தும் முன்னேறாதவர்கள் தலையிலேயே கடைசியில் பழியைச் சுமத்துகின்றன. இது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. அதனால்தான் இந்தத் தவறுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க விரும்புகிறேன்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரு எண்கணிதப் பிழை. கல்வி பரவினால் ஏற்றத்தாழ்வு உடனே குறைய வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். பத்துப் பேர் மட்டுமே வேலை செய்யும் ஒரு நாட்டை வைத்துக்கொள்வோம். கல்லூரி முடித்தவருக்கு 400, மற்றவர்களுக்கு 100 கூலி. ஒருவர் மட்டும் பட்டதாரியாக இருந்தால் ஏற்றத்தாழ்வை அளக்கும் கினி குறியீடு 0.21. இந்தக் குறியீட்டில் 0 என்றால் எல்லோருக்கும் சம வருமானம். 1-ஐ நெருங்க நெருங்க எல்லாம் ஒருவர் கைக்குப் போகிறது என்று பொருள். இப்போது மேலும் இருவர் பட்டம் பெறுகிறார்கள். யாருடைய கூலியும் குறையவில்லை, இருவர் 100-இலிருந்து 400-க்கு உயர்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் கினி 0.33 ஆக ஏறிவிடுகிறது! ஆறு பேர் பட்டதாரிகளானால் 0.26-க்கு இறங்கும். ஒன்பது பேரானால் 0.07.

கல்வி பரவும் பாதை முதலில் மேட்டில் ஏறி, பிறகுதான் சரிவில் இறங்குகிறது. மேடு ஏறும் ஆண்டுகளில் மட்டும் எடுத்த புள்ளிவிவரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ‘கல்விச் செலவு வீண்’ என்று தீர்ப்பு எழுதுவது தவறு. இறங்கும் ஆண்டுகளில் அளந்துவிட்டு, எல்லாப் பெருமையும் அப்போதைய அமைச்சருக்கே என்று சொல்வதும் அதே தவறுதான். பொருளாதார அறிஞர் சைமன் குஸ்நெட்ஸ் 1955-இல் வளர்ச்சிக்கும் ஏற்றத்தாழ்வுக்கும் இடையே கவிழ்த்த ‘யு’ வடிவ உறவு இருக்கலாம் என்று எழுதினார். அவர் பேசியது விவசாயத்திலிருந்து தொழிலுக்கு நகரும் மக்களைப் பற்றி. மேலே உள்ள பத்துப் பேரின் கணக்கும் அதே வகையைச் சேர்ந்தது. ஆனால் குஸ்நெட்ஸின் வளைவை இயற்கை விதியாக எடுத்துக்கொண்டு ‘பொறுத்திருங்கள், தானே இறங்கும்’ என்று சொல்வது இன்னொரு வழுக்கல். அவரே அதை உறுதியான முடிவாகச் சொல்லவில்லை. ஊகம் என்றுதான் குறிப்பிட்டார்.

கூலி மாறாது என்று நாம் வைத்துக்கொண்டதும் உண்மையில் நடக்காது. பட்டதாரிகள் பெருகப் பெருக அவர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் ஊதியம் குறைய வேண்டும். தொழில்நுட்பம் முன்னேறினால் அது அதிகரிக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடக்கும் ஓட்டப்பந்தயம்தான் ஊதிய இடைவெளியைத் தீர்மானிக்கிறது என்று டச்சுப் பொருளாதார அறிஞர் யான் டின்பெர்கன் 1970களில் விளக்கினார். பந்தயத்தில் இரண்டு ஓட்டக்காரர்கள் இருக்க, ஒருவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் யார் முந்துகிறார் என்று எப்படித் தெரியும்?

எகிப்து இதற்குக் கசப்பான சாட்சி. 1960களில் அந்த நாட்டு அரசு, பட்டம் பெறும் ஒவ்வொருவருக்கும் அரசு வேலை உறுதி என்று அறிவித்தது. இளைஞர்கள் நம்பிப் படித்தார்கள். அரசால் அத்தனை பேரையும் எடுக்க முடியாமல் போனது. காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீண்டது. தனியார் துறையோ அவர்களுக்கேற்ற வேலைகளை உருவாக்கவில்லை. படிக்காதவர்களைவிடப் படித்தவர்களிடையே வேலையின்மை அதிகம் என்ற நிலை உருவானது. அந்த இளைஞர்கள் என்ன பிழை செய்தார்கள்?

தென் கொரியாவை உதாரணம் காட்டுகிறவர்களும் இங்கேதான் சறுக்குகிறார்கள். ‘அவர்கள் படித்தார்கள், உயர்ந்தார்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அங்கே 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிலச் சீர்திருத்தம் நடந்தது, 1960களில் ஆடை போன்ற, நிறைய ஆட்கள் தேவைப்படும் ஏற்றுமதித் தொழில்கள் வளர்ந்தன. பள்ளியிலிருந்து வெளியே வந்தவர்களுக்கு ஆலை வாசல் திறந்திருந்தது. அந்த வாசலை விட்டுவிட்டுப் பள்ளியை மட்டும் நகல் எடுத்தால் கொரியா கிடைக்காது.

அடுத்தது, பாடப்புத்தகக் கோட்பாட்டை அப்படியே நம்பிவிடும் தவறு. 1941-இல் ஸ்டோல்பர், சாமுவேல்சன் என்ற பொருளாதார அறிஞர்கள் முன்வைத்த தேற்றத்தின்படி, உழைப்பாளர்கள் நிறைந்த ஏழை நாடு வணிகக் கதவைத் திறந்தால் சாதாரணத் தொழிலாளர்களின் கூலி உயர வேண்டும், இடைவெளி குறைய வேண்டும். மெக்சிகோ 1980களின் நடுவில் இறக்குமதித் தடைகளைத் தளர்த்தத் தொடங்கி, 1986-இல் காட் என்ற உலக வணிக ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அடுத்த சுமார் பத்தாண்டுகளில் அங்கே படித்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான ஊதிய இடைவெளி கூடியது. காரணங்களைத் தேடியபோது சில விஷயங்கள் தெரிய வந்தன. துணி, காலணி போன்ற, சாதாரணத் தொழிலாளர்கள் நிறைந்த தொழில்களுக்குத்தான் அதுவரை இறக்குமதிப் போட்டியிலிருந்து அதிகப் பாதுகாப்பு இருந்தது. எனவே இறக்குமதி வரி குறைந்தபோது முதல் அடி அவர்கள் மேல் விழுந்தது. கூடவே வந்த இயந்திரங்களும் வெளிநாட்டு முதலீடும் படித்தவர்களையே தேடின. மெக்சிகோவைவிட மலிவான உழைப்போடு ஆசிய நாடுகளும் சந்தைக்கு வந்திருந்தன. 1990களின் நடுப்பகுதிக்குப் பிறகு அந்த இடைவெளி குறையத் தொடங்கியது. ஆகவே ‘தாராளமயம் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும்’, ‘தாராளமயம் ஏற்றத்தாழ்வைக் கூட்டும்’ என்ற இரண்டு வாக்கியங்களும் எந்தத் துறை, எந்த ஆண்டு என்று சொல்லாதவரை பயனற்றவை.

எதிர்த்திசையிலும் ஒரு பிழை உண்டு: நல்லது நடந்தால் அதைக் கல்வியின் கணக்கில் மட்டும் எழுதிவிடுவது. 2000க்குப் பிறகு பத்துப் பதினைந்து ஆண்டுகள் லத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றில் ஏற்றத்தாழ்வு குறைந்தது. படித்தவர்கள் பெருகியது ஒரு காரணம், ஐயமில்லை. ஆனால் பிரேசிலைப் பாருங்கள். 1990களின் நடுவிலிருந்து இருபது ஆண்டுகளில் அங்கே குறைந்தபட்ச ஊதியம், விலைவாசி உயர்வைக் கழித்த பிறகும், இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. 1988 அரசியல் சட்டத்தின்படி ஓய்வூதியமும் அந்த ஊதியத்துக்குக் கீழே போகக்கூடாது. 2003-இல் போல்சா ஃபமிலியா என்ற குடும்ப உதவித்தொகைத் திட்டமும் வந்தது.

‘முறைசாராத் துறையில் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் எடுபடாதே’ என்று உடனே ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். உலகத் தொழிலாளர் அமைப்பின் 2018 மதிப்பீட்டின்படி உலகில் வேலை செய்பவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல், அதாவது சுமார் 200 கோடிப் பேர், முறைசாரா வேலைகளில்தான் இருக்கிறார்கள். ஆனால் பிரேசிலில், பதிவு செய்யப்படாத வேலையில் இருந்தவர்களும் அரசு அறிவித்த குறைந்தபட்ச ஊதியத்தைக் காட்டியே பேரம் பேசினார்கள். அங்குள்ள பொருளாதார வல்லுநர்கள் இதைக் ‘கலங்கரை விளக்க விளைவு’ என்கிறார்கள். சட்டம் கரை சேர்க்காவிட்டாலும் திசை காட்டியது. எல்லா நாட்டிலும் இது இதே அளவில் வேலை செய்யும் என்று நினைத்துவிடக் கூடாது.

அளவீடுகளிலும் எச்சரிக்கை தேவை. பள்ளியில் கழித்த ஆண்டுகளைக் கற்றதாக எண்ணிக்கொள்கிறோம். குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் 10 வயதுக் குழந்தைகளில் 53 சதவீதம் பேரால் ஓர் எளிய கதையைப் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை என்று 2019-இல் உலக வங்கி கணக்கிட்டது. ஒரே வகுப்பில் தேறிய இருவர் மிகவும் வேறுபட்ட கூலி வாங்குவதற்கு இது ஒரு விளக்கம். இன்னொன்று, சில நாடுகளின் கினி குடும்பச் செலவை வைத்தும், சில நாடுகளுடையது வருமானத்தை வைத்தும் கணக்கிடப்படுகிறது. செலவு வருமானத்தைப் போல ஏறி இறங்காது, பணக்காரர்கள் சேமிக்கவும் செய்கிறார்கள். ஆகவே செலவுக் கணக்கு இடைவெளியைச் சிறிதாகக் காட்டும். இரண்டையும் ஒரே அட்டவணையில் அடுக்கி நாடுகளைத் தரவரிசைப்படுத்துவது சரியல்ல. மேலும் ஊதிய ஏற்றத்தாழ்வு என்பது ஊதியம் வாங்குகிறவர்களுக்குள் எடுத்த கணக்கு. வேலையே கிடைக்காதவரும், கூலியில்லாமல் வீட்டில் உழைக்கும் பெண்ணும் அதில் இல்லை.

பட்டம் பெற்றவர் அதிகம் சம்பாதிப்பதைப் பார்த்து, எல்லாம் பட்டத்தின் பலன் என்றும் சொல்ல முடியாது. வசதியான வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம் படிக்கிறார்கள். இதைப் பிரித்துப் பார்க்க இந்தோனேசியா உதவியது. எண்ணெய் வருவாயை வைத்து அந்த அரசு 1973-க்குப் பிறகு சில ஆண்டுகளிலேயே 61,000க்கும் மேற்பட்ட தொடக்கப்பள்ளிகளைக் கட்டியது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் எஸ்தர் டுஃப்லோ, பள்ளிகள் அதிகம் வந்த பகுதிகளையும் குறைவாக வந்த பகுதிகளையும், பள்ளிக்குப் போகும் வயதில் இருந்தவர்களையும் அந்த வயதைத் தாண்டியிருந்தவர்களையும் ஒப்பிட்டார். ஓராண்டுக் கூடுதல் படிப்பு ஊதியத்தை ஏறத்தாழ 7 முதல் 11 சதவீதம் உயர்த்தியது என்பது அவர் கண்ட முடிவு. சிறிய தொகையல்ல. அதே திட்டத்தைப் பற்றிய அவரது பின்னாளைய ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. புதிதாகப் படித்தவர்கள் பெருமளவில் சந்தைக்கு வந்தபோது, பள்ளிகளைப் பார்க்காத மூத்த தலைமுறையின் கூலி அழுத்தப்பட்டது. முதல் முடிவை மேற்கோள் காட்டுகிறவர்களில் பலர் இரண்டாவதைச் சொல்வதில்லை.

அந்த மூத்த தலைமுறைதான் என் மனதில் நிற்கிறது. 2025-இல் முதல் வகுப்பில் சேரும் ஆறு வயதுக் குழந்தை 2040 வாக்கில்தான் வேலைக்கு வரும். அதே 2025-இல் 30 வயதான, எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு பெண் தொழிலாளி 2055 வரை உழைக்கப்போகிறார். இன்று கட்டப்படும் பள்ளி அவருக்கு எதையும் செய்யாது. குறைந்தபட்ச ஊதியம், வேலை தரும் தொழில்கள், வேலை நேரத்துக்குப் பிறகு போய்க் கற்கக்கூடிய தொழிற்பயிற்சி, குழந்தையை விட்டுச்செல்ல ஒரு காப்பகம் ஆகியவை செய்யும். அடுத்த முறை ஒரு கல்விக் கொள்கை அறிக்கை கைக்கு வந்தால், இந்தப் பெண்ணைப் பற்றி அதில் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று முதலில் தேடுங்கள்.