ஊருக்குத் தொழிற்சாலையோ தரவு மையமோ வருகிறதென்றால்: கொழும்பிலிருந்து செய்யக்கூடியவை

ஊரில் ஒரு பெரிய திட்டம் வரப்போகிறது என்ற செய்தி, பெரும்பாலும் வேலி அடைத்த பிறகுதான் ஊராரின் காதுக்கு எட்டுகிறது. அதற்குள் காணி அளக்கப்பட்டு, கோப்பு பிரதேச செயலகத்தைத் தாண்டிப் பத்தரமுல்லைக்கு வந்து சேர்ந்திருக்கும். மன்னாரிலும் மூதூரிலும் வன்னியிலும் உறவுகளை வைத்துக்கொண்டு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் எங்களுக்கு இதில் ஒரு தனிப் பொறுப்பு உண்டு என்று நான் நம்புகிறேன். மத்திய சுற்றாடல் அதிகாரசபை பத்தரமுல்லையில் இருக்கிறது, மேன்முறையீட்டு நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் புதுக்கடையில் இருக்கின்றன. ஊரார் ஒரு நாள் கூலியையும் ஓர் இரவுத் தூக்கத்தையும் இழந்து வரவேண்டிய இடங்களுக்கு நாங்கள் பஸ்ஸில் போய்வரலாம். வீதியில் இறங்கிப் போராடுவது ஊராரின் உரிமை. ஆனால் உரிய காலத்துக்குள் எழுத்தில் பதிவான ஆட்சேபனை இல்லாத போராட்டம், பின்னர் நீதிமன்றத்தில் காட்டக் கையில் ஒரு தாளும் இல்லாமல் நின்றுவிடும்.

முதலில் திட்டம் எது என்பதைத் திட்டவட்டமாக அறிந்துகொள்ளுங்கள். "ஏதோ கம்பனி வருகிறதாம்" என்ற பேச்சை வைத்து எதையும் எழுத முடியாது. திட்டத்தை முன்வைப்பவர் யார், காணி அரச காணியா தனியார் காணியா, எத்தனை ஏக்கர், எத்தனை மெகாவாட் மின்சாரம், எந்த நீர் மூலம் என்பவற்றைக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் பிரதேச சபையிலும் கேளுங்கள். அளவு முக்கியம், ஏனெனில் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின்கீழ் 1993இல் வர்த்தமானியில் வெளியான பட்டியலில் அடங்கும் திட்டங்களுக்கே சுற்றாடல் அனுமதி நடைமுறை கட்டாயமாகிறது. 10 ஹெக்டயருக்கு, அதாவது சுமார் 25 ஏக்கருக்கு மேற்பட்ட கைத்தொழிற்பேட்டை, ஒரு ஹெக்டயருக்கு மேல் காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுதல், 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட அனல் மின்நிலையம் ஆகியவை அதில் உள்ளன. பட்டியல் பின்னர் திருத்தப்பட்டிருப்பதால் இன்றைய நிலையை அதிகாரசபையிலேயே கேட்டு உறுதிசெய்யுங்கள். ஒரே திட்டம் இரண்டு மூன்று துண்டுகளாக, ஒவ்வொன்றும் எல்லைக்குச் சற்றுக் கீழே வருமாறு காட்டப்படுகிறதா என்பதையும் கவனியுங்கள்.

வாய்மொழியாகப் பதில் கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. கையளித்ததற்கான பற்றுச்சீட்டை வாங்காமல் திரும்பவேண்டாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டுக்கெனக் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அங்கும் பலனில்லையென்றால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். "திட்டம் பற்றிய எல்லா விவரங்களும்" என்று கேட்டால் ஒன்றும் வராது. காணி ஒதுக்கீட்டுக் கடிதத்தின் பிரதி, நீர் வழங்கல் சபை கொடுத்த இணக்கக் கடிதத்தின் பிரதி, மின் இணைப்பு விண்ணப்பத்தில் கோரப்பட்ட கொள்ளளவு என்று ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

வருவது தரவு மையமாக, அதாவது இணையத் தரவுகளைச் சேமித்து இயக்கும் கணினிகள் நிறைந்த கட்டடமாக இருந்தால், கேட்கவேண்டிய கேள்விகள் சற்று வேறுபடும். புகைபோக்கி இல்லாத கட்டடம் என்பதால் அது தீங்கற்றதாகத் தோன்றும். அதன் சுமை மின்சாரத்திலும் நீரிலும் இருக்கிறது. நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் முழுக் கொள்ளளவு 900 மெகாவாட். 100 மெகாவாட் தரவு மையம் ஒன்று அதில் ஒன்பதில் ஒரு பங்கை இரவு பகலாகக் கேட்கும். கணினிகளை நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கிறார்களா, காற்றால் குளிர்விக்கிறார்களா என்று கேளுங்கள். முதலாவது முறை நீரை உண்ணும், இரண்டாவது கூடுதல் மின்சாரத்தை உண்ணும். மாற்று மின்சாரத்துக்கான டீசல் ஜெனரேட்டர்கள் எத்தனை, அவற்றை எத்தனை மணிக்கு ஓட்டிப் பரிசோதிப்பார்கள், கட்டடம் முடிந்த பிறகு நிரந்தர வேலை எத்தனை பேருக்கு என்றும் கேளுங்கள். இவை வர்த்தக இரகசியம் என்று சொல்லப்பட்டால் பிற நாட்டு அனுபவத்தைக் காட்டுங்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் த டால்ஸ் என்னும் சிறு நகரம், கூகிள் நிறுவனத்தின் நீர்ப் பயன்பாட்டை வெளியிடாதிருக்க நீதிமன்றம் வரை போனது. 2022இல் விவரம் வெளிவந்தபோது நகரின் நீரில் கால்வாசிக்கு மேல் அங்கே போவது தெரிந்தது. உருகுவேயில் அதே நிறுவனம் திட்டமிட்ட மையத்துக்கு நாளொன்றுக்கு 76 இலட்சம் லீற்றர் நீர் தேவை என்பது சட்ட நடவடிக்கையின் வழியே வெளிவந்தது. கடும் வரட்சியும் எதிர்ப்பும் சேர்ந்தபின் திட்டம் காற்றுக் குளிரூட்டலுக்கு மாற்றப்பட்டது.

அடுத்த வேலையை யாரும் விரும்பிச் செய்வதில்லை, ஆனால் எனது மதிப்பில் இதுதான் எல்லாவற்றிலும் பெறுமதியானது: திட்டம் வருமுன் ஊரின் நிலையைப் பதிவுசெய்தல். ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து, தெரிந்தெடுத்த பத்துப் பன்னிரண்டு கிணறுகளுக்கு ஒவ்வொரு பக்கம் ஒதுக்குங்கள். கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டி, கிணற்றுக் கட்டின் மேல்விளிம்பிலிருந்து நீர் மட்டம் வரை எத்தனை அடி என்று வாரத்துக்கொரு தடவை, காலையில் நீர் இறைக்குமுன், ஒரே ஆள் அளந்து, திகதியோடு எழுதிக் கையெழுத்திட வேண்டும். நீரின் மாதிரி ஒன்றை அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்தில் பரிசோதித்து அறிக்கையை அதே கொப்பியில் ஒட்டிவையுங்கள். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது, அது எங்கிருந்து வந்தது என்பதே நீண்டகாலம் வாதமாக இருந்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், அங்கு மின்நிலையத்தை நடத்திய மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த மனுவைத் தாக்கல் செய்தவர் ஊருக்கு வெளியே இருந்த ஒரு சுற்றாடல் செயற்பாட்டாளர் என்பதைக் கொழும்பில் இருப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மாசு தெரிந்தபின் நான்கு ஆண்டுகள் வழக்காடுவதைவிட முன்கூட்டியே வைத்திருக்கும் கொப்பி மலிவானது.

அனுமதி நடைமுறையில், திட்டத்தால் சுற்றாடலுக்கு என்ன பாதிப்பு வரும் என்பதைச் சொல்லும் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரானதும் வர்த்தமானியிலும் சிங்கள, தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வரும். அன்றிலிருந்து 30 நாட்களுக்குள் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம். ஊரில் அந்தப் பத்திரிகையை யாரும் பார்க்காமல் போகக்கூடும். ஆகவே கொழும்பில் ஒருவர் பத்திரிகை அறிவித்தல்களையும் அதிகாரசபையின் இணையத்தளத்தையும் வாராவாரம் பார்க்கும் பொறுப்பை ஏற்கவேண்டும். அறிக்கையின் தமிழ்ப் பிரதியைக் கேளுங்கள். கிடைக்கவில்லையென்றால் அதையே முதல் ஆட்சேபனையாக எழுத்தில் தெரிவித்துக் கால நீடிப்புக் கோருங்கள்.

ஆட்சேபனையை எப்படி எழுதுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். "இத்திட்டம் எமது வாழ்வாதாரத்தை அழிக்கும், உடனே நிறுத்துக" என்ற வசனத்துக்கு அதிகாரி பதில் சொல்லத் தேவையில்லை. "அறிக்கையின் இந்தப் பக்கத்தில் குளத்தின் கீழ் வயல் எதுவும் இல்லையெனக் கூறப்பட்டுள்ளது; ஆனால் கமநல சேவை நிலையத்தின் பதிவேட்டில் இக்குளத்தின் கீழ் இத்தனை ஏக்கர் பதிவாகியுள்ளது, பிரதி இணைப்பில்" என்று எழுதினால் அதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். ஐந்நூறு பேர் ஒரே கடிதத்தில் கையொப்பமிடுவதைவிட, விவசாயி நீரைப் பற்றியும் மீனவர் கரையைப் பற்றியும் பாடசாலை அதிபர் பார வாகனங்கள் ஓடும் வீதியைப் பற்றியும் தனித்தனியே எழுதுவது வலுவானது. குறைந்த தீங்குள்ள மாற்று வழிகளையும், அவை நிராகரிக்கப்பட்ட காரணங்களையும் அறிக்கை விளக்க வேண்டும் என்பது சட்டத்திலேயே உள்ளது. அந்தப் பகுதி பெரும்பாலும் மெலிந்திருக்கும். முதலில் அதைப் படியுங்கள். பகிரங்க விசாரணை வேண்டும் என்ற கோரிக்கையையும் அதே கடிதத்தில் சேருங்கள். பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது நேரில் கொடுத்துப் பிரதியில் முத்திரை பெறுங்கள்.

ஊருக்குள் எல்லோரும் எதிர்ப்பார்கள் என்று எண்ணவேண்டாம். காணி விற்க நினைப்பவரும், பிள்ளைக்கு வேலை கிடைக்கும் என்று காத்திருப்பவரும் எதிரிகள் அல்லர்; அவர்களின் கேள்விகளும் கடிதத்தில் இடம்பெற வேண்டும். அயலூர்ச் சிங்கள, முஸ்லிம் விவசாயிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எப்பாவல பொஸ்பேற் சுரங்கத் திட்டத்தை எதிர்த்து அங்குள்ள சில குடியானவர்கள் தொடுத்த வழக்கில் 2000ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகக் கொடுத்த தீர்ப்பு, இன்றும் எந்த மொழி பேசும் ஊரும் சுட்டிக்காட்டக்கூடிய தீர்ப்பு.

அனுமதி வழங்கப்பட்டுவிட்டால் நாட்கள் வேகமாக ஓடும். அனுமதி மறுக்கப்பட்ட நிறுவனம் அமைச்சின் செயலாளரிடம் மேன்முறையீடு செய்யலாம். எதிர்த்த மக்களுக்கு அந்த வழி சட்டத்தில் இல்லை. அவர்களுக்கு இருப்பது மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை (ரிட்) மனுவும், ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவுமே. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையிலுள்ள காலம் கணக்கில் சேராது என்று அதன் சட்டம் கூறுகிறது. இருந்தாலும் அதை மட்டும் நம்பிச் சட்டத்தரணியைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். வழக்கு வேண்டாம் என்று ஊர் முடிவெடுத்தாலும், அனுமதிக் கடிதத்தோடு வரும் நிபந்தனைகளின் பிரதியைக் கேட்டு வாங்கி, கிணற்றுக் கொப்பி எழுதும் அதே ஆளிடம் கொடுத்து, அளவீட்டைத் தொடரச் சொல்லுங்கள்.