சேலத்துக்குக் காலை விமானம்: கேட்கும்போது நாம் செய்யும் தவறுகள்

சேலத்திலிருந்து காலையில் சென்னை போய், வேலையை முடித்து, மாலையே திரும்புகிற மாதிரி விமானம் வேண்டும். வெள்ளிக் கொலுசு வியாபாரிக்கும், ஜவ்வரிசி ஆலைக்காரருக்கும், ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவருக்கும் இது நியாயமான தேவை. நடுப்பகலில் விமானம் விட்டால், ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸில் படுத்துத் தூங்கி விடியற்காலையில் சென்னையில் இறங்குவதே மேல் என்று ஆட்கள் ரயிலுக்குப் போய்விடுவார்கள். அதனால் கோரிக்கை சரிதான். அதை யாரிடம், எப்போது, எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் பிசகுகிறோம்.

"நம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்தில் ஓடுபாதை காலியாகத்தானே கிடக்கிறது, எந்த நேரத்துக்கு வேண்டுமானாலும் விடலாமே" என்று பலரும் சொல்கிறார்கள். இதுதான் முதல் தவறு, பெரிய தவறும்கூட. நெருக்கடி இந்த முனையில் இல்லை, அந்த முனையில் இருக்கிறது. சென்னையின் இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று குறுக்காக வெட்டுகின்றன. அதனால் இரண்டையும் தனித்தனியாக, முழு வேகத்தில் இயக்க முடியாது. மும்பையிலும் இதே நிலைதான். அங்கே நெரிசலைக் குறைப்பதற்காக, உச்ச நேரத்தில் மணிக்கு 46 ஆக இருந்த விமான இயக்கத்தை 2024 பிப்ரவரியில் மத்திய அரசு 44 ஆகக் குறைத்தது. இப்படி மணிக்கு இத்தனைதான் என்று வரம்பு இருக்கும் இடத்தில், இன்ன நாளில் இன்ன நேரத்தில் இறங்கவோ ஏறவோ தரும் அனுமதிதான் ஸ்லாட். நம் புது பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்காரர்கள் 'டைமிங்'குக்காக ஐந்து நிமிடத்தைக்கூட விட்டுக்கொடுக்காமல் மல்லுக்கட்டுவார்களே, அதே போட்டிதான். தொகைதான் பெரிது: லண்டன் ஹீத்ரோவில் ஒரே ஒரு ஜோடி ஸ்லாட்டுக்கு ஓமன் ஏர் 7.5 கோடி டாலர் கொடுத்ததாக 2016-ல் செய்தி வந்தது.

சேலம் போன்ற ஊர் அடிபடுவது இங்கேதான். சேலத்துக்கு வரும் ஏடிஆர் விமானத்தில் எழுபது, எண்பது பேர் உட்காரலாம். டெல்லிக்குப் போகும் ஏர்பஸ் ஏ320-ல் சுமார் 180 பேர். இரண்டுமே சென்னையில் ஆளுக்கு ஒரு ஸ்லாட்டைத்தான் எடுத்துக்கொள்கின்றன. கையில் இருப்பது நாலு காலை ஸ்லாட் என்றால், நிறுவனம் அதை எந்த ஊருக்குக் கொடுக்கும்? அப்புறம், ஒரு ஸ்லாட் கிடைத்தாலும் போதாது. சென்னையில் கிளம்ப ஒன்று, சேலம் போய்த் திரும்பி வந்து இறங்க இன்னொன்று, இரண்டும் பயண நேரத்துக்குப் பொருந்தி வரவேண்டும். ஒன்று இருந்து மற்றது இல்லையென்றால் இருப்பதும் உதவாது.

அதனால் "ஓடுபாதையை நீட்டினால் எல்லாம் சரியாகிவிடும்" என்பது பாதி உண்மை. நீளமான ஓடுபாதையில் பெரிய விமானம் இறங்கலாம், ஒரு ஸ்லாட்டுக்குக் கூடுதல் பயணிகள் கிடைப்பார்கள், நிறுவனத்துக்கும் ஆர்வம் வரும். ஆனால் அந்த ஸ்லாட் சென்னையில் தானாக முளைத்துவிடாது. விரிவாக்கத்துக்கு நிலம் எடுப்பதைச் சுற்றுக் கிராமத்து விவசாயிகள் 2018-லேயே எதிர்த்துப் போராடினார்கள். வயலை இழக்கப் போகிறவரிடம் "காலை விமானம் வந்துவிடும்" என்று உறுதி சொல்லி நிலம் கேட்பது நேர்மையில்லை என்றே நினைக்கிறேன்.

ஸ்லாட்டை விமான நிறுவனத்தின் சொத்தாக நினைப்பதும் பரவலாக உள்ள தவறு. இந்தியாவில் அது சொத்து அல்ல, பயன்படுத்தும் உரிமை மட்டும்தான். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றபோது, மும்பையிலும் டெல்லியிலும் அதன் கையில் இருந்த ஸ்லாட்டுகளை மற்ற நிறுவனங்களுக்குத் தற்காலிகமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். அந்த மாதிரி இடம் காலியாகும் தருணங்களில்தான் சிறிய ஊர்கள் முந்திக்கொண்டு கேட்க வேண்டும்.

"ஆளே இல்லாமல் ஓட்டுகிறார்களே, பைத்தியமா?" என்று கேட்பவர்கள் 80-க்கு 20 விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பருவத்தில், அதாவது கோடை அல்லது குளிர்கால அட்டவணையில், வாராவாரம் ஒரே நேரத்துக்குக் கிடைத்த ஸ்லாட் தொடரில் குறைந்தது 80 சதவீதத்தைப் பயன்படுத்தினால்தான் அடுத்த ஆண்டு அதே பருவத்தில் அது மறுபடி கிடைக்கும். இருபது வாரம் கிடைத்திருந்தால் பதினாறு வாரமாவது பறந்திருக்க வேண்டும். எத்தனை பேர் ஏறினார்கள் என்பது இந்தக் கணக்கில் வராது. காலி இருக்கைகளோடு பறப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

விமானி "ஸ்லாட்டுக்காகக் காத்திருக்கிறோம்" என்று அறிவிக்கும்போது, நிறுவனம் ஸ்லாட்டைக் கோட்டைவிட்டுவிட்டது என்று கோபப்பட வேண்டாம். பெரும்பாலும் அது அன்றைய வானிலை, நெரிசலைப் பார்த்து வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு குறித்துத் தரும் புறப்படும் நேரம். பருவத்துக்கு ஒதுக்கும் ஸ்லாட் வேறு.

கடைசியாக, காலம். கோடை அட்டவணை மார்ச் கடைசி ஞாயிறும், குளிர்கால அட்டவணை அக்டோபர் கடைசி ஞாயிறும் தொடங்கும். அட்டவணை வெளியான பிறகு மனு கொடுத்தால் அந்தப் பருவத்துக்குப் பயனில்லை. உலக வழிகாட்டுதலின்படி கோடைக்கான ஸ்லாட் கோரிக்கைகள் முந்தைய அக்டோபரிலேயே போய்விடுகின்றன, குளிர்காலத்துக்கானவை மே மாதத்தில். ஆகவே வணிகர் சங்கங்கள் கோடைக்கான மனுவை ஆகஸ்டிலேயே கொடுத்துவிட வேண்டும். எம்.பி.க்கும் அமைச்சகத்துக்கும் மட்டும் அனுப்பினால் போதாது. விமான நிறுவனத்தின் வழித்தடத் திட்டப் பிரிவுக்கும், சென்னை விமான நிலையத்தை நடத்தும் இந்திய விமான நிலைய ஆணையத்துக்கும் நகல் போக வேண்டும். பெங்களூரு, ஹைதராபாத் என்றால் அங்கே நிலையத்தை நடத்தும் தனியார் நிறுவனங்களுக்கு. மனுவில் "வசதியான நேரம்" என்று பொதுவாக எழுதாமல், சென்னையில் எத்தனை மணிக்குள் இறங்க வேண்டும், மாலை எத்தனை மணிக்கு மேல் கிளம்ப வேண்டும், வாரத்தில் எந்தெந்த நாள், எத்தனை பேர் போவார்கள் என்று எழுதுங்கள்.