நேரோபோட்டில் குடியேறுவது எப்படி: தகட்டைச் சோதிப்பது முதல் அடுப்பு மூட்டுவது வரை

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் 18ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட கால்வாய்களில், தண்ணீரை ஏற்றியும் இறக்கியும் படகை மேட்டுக்கும் பள்ளத்துக்கும் கடத்தும் லாக் அறைகள் ஏறத்தாழ 7 அடி அகலம் கொண்டவை. அதனால்தான் அவற்றுக்குள் நுழைய வேண்டிய நேரோபோட் என்ற கால்வாய்ப் படகின் அகலம் இன்றும் 6 அடி 10 அங்குலத்தில் நிற்கிறது. இந்த ஒடுக்கமான எஃகுக் கூட்டுக்குள் சமையலறை, படுக்கை, குளியலறை, எஞ்சின் எல்லாமே அடங்கிவிடும். முதன்முறை வாங்க வருபவர்கள் உள்ளே புதிதாகப் பூசிய வண்ணத்தையும் அழகான அடுப்பையும் பார்த்து மனம் கொடுத்துவிடுகிறார்கள். ஏழு குளிர்காலங்களைப் படகிலேயே கழித்தவன் என்ற முறையில் நான் வேண்டிக்கொள்வது ஒன்றுதான்: தண்ணீருக்கு அடியிலும் சுவர்ப் பலகைக்குப் பின்னாலும் இருப்பதை முதலில் பாருங்கள். குளிரில் அந்தப் படகு வீடாக இருக்குமா என்பதை அவையே தீர்மானிக்கின்றன.

முதல் படி: எங்கே கட்டி நிறுத்தப் போகிறீர்கள்?

படகைத் தேடும் முன் அதைக் கட்டி நிறுத்தும் இடத்தை முடிவு செய்யுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 2,000 மைல் நீர்வழிகளைக் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை 2012 முதல் நிர்வகித்து வருகிறது. அதன் உரிமத்தைப் பெறக் காப்பீடும், நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய போட் சேஃப்டி என்ற படகுப் பாதுகாப்புச் சான்றிதழும் தேவை. நிலையான இடம் இல்லாதவர்கள் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரே இடத்தில் 14 நாள்களுக்கு மேல் தங்காமல், ஆண்டு முழுவதும் உண்மையாகவே பயணம் செய்துகொண்டிருக்க வேண்டும். நகரத்தில் வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்களும் இதை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2024 ஏப்ரலிலிருந்து நிலையான இடம் இல்லாதவர்களுடைய உரிமக் கட்டணமும் கூடுதல். மரீனா எனப்படும் தனிப் படகுத்துறையில் இடம் பிடிப்பதாக இருந்தால், அங்கே நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், ஏனெனில் பெரும்பாலான இடங்கள் பொழுதுபோக்குப் படகுகளுக்கு மட்டுமே உரியவை.

நீளத்தைப் பொறுத்தவரை, 57 அடிப் படகு ஏறத்தாழ எல்லாக் கால்வாய்களுக்கும் போகும். 70 அடிப் படகில் இடம் தாராளம், ஆனால் வடக்கே சில லாக்குகள் அதற்குப் போதாது.

இரண்டாம் படி: தகட்டை அளக்காமல் பணம் கொடுக்காதீர்கள்

அண்மைக் காலப் படகுகளை விற்பவர்கள் ‘10-6-4’ என்று சொல்வார்கள். அடித்தகடு 10 மில்லிமீட்டர், பக்கத் தகடு 6, மேற்கூட்டின் தகடு 4 என்பது அதன் பொருள். இந்தக் கணக்கு படகு கட்டப்பட்ட நாளுக்கு உரியது. இன்றைய கணக்கைச் சர்வேயர், அதாவது படகைச் சோதித்து அறிக்கை தரும் வல்லுநர்தான் சொல்ல முடியும். ஆகவே சர்வே முடிவுக்கு உட்பட்டே வாங்குகிறேன் என்று எழுதி முன்பணம் கொடுத்து, படகைத் தண்ணீரிலிருந்து மேலே ஏற்றி, நீங்களே அமர்த்திய சர்வேயரைக் கொண்டு பார்க்கச் செய்யுங்கள். விற்பவர் கையில் இருக்கும் பழைய அறிக்கை போதாது.

நான் முதலில் ஆசைப்பட்ட படகின் சர்வே நாளன்று பக்கத்திலேயே நின்றிருந்தேன். சர்வேயர் கறுப்புத் தார்ப்பூச்சை நாணய அளவுக்குச் சுரண்டி, வெள்ளி போல மின்னிய இரும்பின் மேல் ஒரு சொட்டுப் பசையை வைத்து, மீயொலிக் கருவியின் முனையை அழுத்தினார். 5.6, 5.4 என்று வந்துகொண்டிருந்த எண்கள், தண்ணீர் மட்டத்தை ஒட்டிய இடத்தில் திடீரென்று 3.4 ஆயின. காற்றும் நீரும் மாறி மாறிப் படும் அந்தக் கோட்டில்தான் அரிப்பு மிகுதியாக இருக்கும். பல காப்பீட்டாளர்கள் 4 மில்லிமீட்டரைக் கீழெல்லையாக வைத்திருப்பதால், அந்தப் படகின் பழைய தகட்டின் மேல் புதிய தகடு பற்றவைக்க வேண்டியிருந்திருக்கும். வருத்தத்தோடுதான் விட்டுவிட்டேன், சர்வே கட்டணம் வீணாகிவிட்டது என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

வாங்கிய பிறகும் இந்தக் கவனம் தொடர வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தார்ப்பூச்சைப் புதுப்பித்து, அடியில் பற்றவைத்திருக்கும் மெக்னீசியம் ஆனோடுகளைப் பார்க்க வேண்டும். இரும்புக்குப் பதிலாக அவை கரைந்து படகைக் காக்கின்றன. கரையிலிருந்து மின்சாரம் எடுப்பவர்கள் கால்வானிக் ஐசோலேட்டர் என்ற மின்தடுப்புக் கருவியைப் பொருத்தாவிட்டால், புவியிணைப்புக் கம்பி வழியாகப் பக்கத்துப் படகுகளோடு மின்கலம் போல் இணைந்து உங்கள் ஆனோடு விரைவில் தீர்ந்துவிடும்.

இந்தப் படகுகளுக்கு வீட்டுப் பத்திரம் போன்ற கட்டாய உரிமைப் பதிவேடு கிடையாது. பழைய விற்பனை ரசீதுகள், உரிமத் தாள்கள், கடன் பாக்கி இல்லை என்ற உறுதி ஆகியவற்றைக் கையில் வாங்கிய பிறகே முழுத் தொகையையும் கொடுங்கள்.

மூன்றாம் படி: மின்சாரம், தண்ணீர், கழிப்பறை

மின்சாரத்தில் கணக்குத் தெரிய வேண்டும். 110 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரிகள் மூன்று இருந்தால் மொத்தம் 330. அவற்றைப் பாதிக்கு மேல் வடியவிட்டால் ஆயுள் குறையும் என்பதால், உங்களுக்குக் கிடைப்பது 12 வோல்ட்டில் 165 ஆம்பியர்-மணி, அதாவது ஏறத்தாழ 2 யூனிட். 2 கிலோவாட் மின் ஹீட்டர் ஒன்று அதை ஒரே மணி நேரத்தில் குடித்துவிடும். மின்சாரத்தால் படகைச் சூடாக்க முடியாததற்குக் காரணம் இதுவே. கூரையில் சூரியத் தகடுகள் வையுங்கள், கோடையில் அவை போதும். டிசம்பரில் எஞ்சினை ஓட்டித்தான் பேட்டரியை நிரப்ப வேண்டும், அதையும் கட்டி நிறுத்திய இடத்தில் இரவு 8 முதல் காலை 8 வரை செய்யக் கூடாது.

கழிப்பறையில் கேசட் வகையே தொடக்கக்காரர்களுக்கு ஏற்றது: கழிவுத் தொட்டியைக் கையிலெடுத்துச் சென்று கால்வாய்க் கரையில் அதற்கென்றே உள்ள இடத்தில் கொட்டிவிடலாம். தண்ணீர்த் தொட்டியைக் கரையோரக் குழாய்களில் நிரப்பிக்கொள்ளலாம். அவற்றுக்குப் பொதுச் சாவி ஒன்று உண்டு, லாக் திறக்கும் விண்ட்லாஸ் கைப்பிடியோடு அதையும் முதல் நாளே வாங்கிவிடுங்கள். சமையல் வாயுவில் புரொப்பேன் சிலிண்டரையே தேர்ந்தெடுங்கள், ஏனெனில் பியூட்டேன் உறைநிலைக் குளிரில் ஆவியாகாமல் அடுப்பு அணைந்துவிடும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடியில் தேங்கும் என்பதால், சிலிண்டர் பெட்டியின் வடிகால் துளை வெளியே திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

நான்காம் படி: வியர்க்கும் சுவர்

எஃகுக் கூட்டுக்குள் இரண்டு பேர் மூச்சுவிட்டு, சோறு வடித்து, துணி உலர்த்தினால் அந்த ஈரம் எல்லாம் குளிர்ந்த இரும்பில் போய் நீராகக் கோத்துக்கொள்ளும். தகட்டின் உட்புறம் தெளித்து ஒட்டவைத்த பாலியூரித்தேன் நுரை இடைவெளியில்லாமல் மூடுவதால், ஈரக்காற்று இரும்பைத் தொட வழியில்லை. பழைய படகுகளில் பாலிஸ்டைரீன் அட்டைகள் இருக்கும். அவை மின்கம்பியின் பி.வி.சி. உறையைத் தொட்டுக்கொண்டிருந்தால் உறை நாளடைவில் கெட்டுவிடும் என்பதால், ஒரு பலகையைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மெத்தையின் அடியில் சட்டம் வைத்துக் காற்று ஓட விடுங்கள். சன்னல் சட்டத்தில் காலையில் நிற்கும் நீரைத் துடைப்பது பல் துலக்குவது போல அன்றாட வேலையாக வேண்டும்.

குளிர் தாங்காமல் காற்றுத் துளைகளைத் துணியால் அடைப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஐந்தாம் படி: அடுப்பு

டீசல் ஹீட்டர் பொத்தானை அழுத்தினால் போதும், ரேடியேட்டர்கள் சூடாகிவிடும். காலையில் எழுந்ததும் அது பேருதவி. ஆனால் அதற்கு டீசலோடு பேட்டரியும் வேண்டும், பழுதானால் ஆள் வர நாளாகும். குடியிருக்கும் படகுக்கு முதன்மை வெப்பம் வார்ப்பிரும்பு அடுப்பாகவே இருக்கட்டும் என்பது என் உறுதியான கருத்து. சிறிய மோர்ஸோ ஸ்குவிரல் அடுப்புகளைப் பல படகுகளில் காணலாம். புதிதாகப் பொருத்துவதாக இருந்தால் பி.எஸ். 8511 என்ற நெறிமுறையை அறிந்தவரிடம் கொடுங்கள்: அடுப்பின் கீழ் எரியாத தளம், பின்னால் இடைவெளி விட்டு நிற்கும் காப்புப் பலகை, இரட்டைச் சுவர்ப் புகைக்குழாய் ஆகியவை இன்றியமையாதவை.

அடுப்பு மூட்டும் முன் அதன் கதவின் விளிம்பை அடைக்கும் கயிற்றைச் சோதியுங்கள். ஒரு தாள் துண்டை இடையில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள்; தடையின்றி வந்துவிட்டால் கயிற்றை மாற்ற வேண்டும், அந்த இடைவெளி வழியாகக் கார்பன் மோனாக்சைடும் வரும். மணமில்லாத அந்த நச்சுக்காக, படகுகளுக்கென உள்ள இ.என். 50291-2 தரத்திலான எச்சரிக்கைக் கருவி ஒன்றை அடுப்பிலிருந்து 1 முதல் 3 மீட்டருக்குள்ளும், உறங்கும் அறையில் இன்னொன்றையும் மாட்டுங்கள். 2019 ஏப்ரல் முதல் இக்கருவி பாதுகாப்புச் சான்றிதழுக்கே கட்டாயம்.

மூட்டும் முறை எளிது. சாம்பலைத் தட்டி நீக்கி, கீழ்க் காற்றுவாயையும் மேல் வாயையும் முழுதாகத் திறந்து, மெல்லிய சுள்ளிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, நடுவில் தீமூட்டியை வையுங்கள். சுள்ளி சடசடத்துப் பிடித்த பிறகு, புகையில்லா நிலக்கரியை ஒரு கைப்பிடி அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாகச் சேர்த்து, அது விளிம்பில் சிவக்கத் தொடங்கியதும் கதவை அடைத்துக் காற்றைக் குறையுங்கள். நிலக்கரிக்குக் காற்று கீழிருந்து வேண்டும். விறகு சாம்பல் மெத்தையின் மேல், மேலிருந்து வரும் காற்றில் நன்றாக எரியும். இங்கிலாந்தில் சிறு அளவில் விற்கும் விறகின் ஈரம் 20 விழுக்காட்டுக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது 2021 மே முதல் சட்டம். ஈர விறகு புகைக்குழாயில் தாரைப் படியவைத்து அடைத்துவிடும் என்பதால், கரையில் வெட்டிக் கிடக்கும் பச்சை மரத்தை எடுத்து அன்றே எரிக்காதீர்கள்.

இரவில் சாம்பலைத் தட்டிவிட்டு நிலக்கரியை நிறைய இட்டு, அது பிடித்துக்கொண்டதும் கீழ் வாயை ஒரு மயிரிழை திறந்து வைத்தால், காலை வரை கனல் உயிரோடிருக்கும். முழுவதுமாக அடைத்துவிட்டுப் படுக்காதீர்கள். அள்ளிய சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் இட்டு வெளியே தளத்தில் வையுங்கள். ஆறியதாகத் தோன்றும் சாம்பலும் உள்ளே கனன்றுகொண்டு நச்சு வாயுவை விடும் என்பதால், ஒரு மழை இரவானாலும் அந்த வாளி உள்ளே வரக் கூடாது.