உறுமும் நாயை அதட்டாதீர்கள்: புதிதாக நாய் வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் பயிற்சிக்கு வந்த ஒருவர், தன் நாய் உறுமியதும் அதன் மூக்கில் பட்டென்று ஒரு அடி வைத்தார். "முன்னெல்லாம் ரொம்ப உறுமும் சார், இப்ப பாதி குறைஞ்சிடுச்சு" என்றார் பெருமையாக. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே பெருமையோடு நானும் திரிந்திருக்கிறேன். கூப்பிட்டால் வராதது, கண்ட இடத்தில் சிறுநீர் கழிப்பது போன்றவை எல்லாம் பொறுமையாகப் பழக்கினால் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

வாலாட்டினால் சிநேகம் என்று நம்புவது

இடுப்போடு சேர்ந்து தளர்வாக ஆடும் வால் வேறு, விறைத்து நிமிர்ந்து படபடவென்று ஆடும் வால் வேறு. இத்தாலியில் 2007-இல் வந்த ஓர் ஆய்வில், வளர்ப்பவரைக் கண்டபோது நாய்களின் வால் வலப்பக்கம் அதிகம் சாய்ந்தது. மிரட்டும் தோரணையில் நின்ற அறிமுகமில்லாத நாயைக் கண்டபோது இடப்பக்கம் சாய்ந்தது. தெருவில் நின்று வலமா இடமா என்று யாராலும் பார்க்க முடியாது. உடம்பு இளகியிருக்கிறதா என்று பாருங்கள், அது போதும்.

கட்டிப்பிடிப்பது

வேண்டாம்.

உறுமலைத் தண்டிப்பது

உறுமுவதற்கு முன்பே நாய் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கும். முகத்தைத் திருப்பும். உதட்டை நக்கும். தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடும். கண்ணோரத்தில் வெள்ளை தெரியும். மெல்லுவதை நிறுத்திவிட்டு அப்படியே உறைந்துபோகும். எதையும் நாம் கண்டுகொள்ளாதபோதுதான் "தள்ளிப் போ" என்று உறுமுகிறது. அதற்கும் அடி விழுந்தால் சத்தம் நின்றுவிடும், பயம் அப்படியே உள்ளே இருக்கும். பக்கத்தில் ஆள் வந்தாலே அடிதான் என்று பயம் கூடவும் செய்யும்.

என் முதல் நாய் எலும்பு கடிக்கும்போது யார் கிட்டே போனாலும் உறுமும். அதட்டி, எலும்பைப் பிடுங்கிவிடுவேன். மூன்றே மாதத்தில் உறுமல் அடங்கியது. ஒருநாள் சாயங்காலம் அதன் பக்கத்தில் உருண்டுபோன பந்தை எடுக்க அக்கா மகன் குனிந்தான். ஒரு சத்தமும் இல்லை. அவன் கையில் நான்கு தையல். "திடீர்னு கடிச்சிடுச்சு" என்றார்கள் எல்லோரும். மூன்று மாதமாக அது சொல்லிக்கொண்டுதான் இருந்தது; அதன் வாயை அடைத்தவன் நான். அந்தத் தழும்பை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்கு என் மேல்தான் கோபம் வருகிறது.

அதன் பிறகு பிடுங்குவதை விட்டேன். அது பதறாத தூரத்தில் நின்று, எலும்பைவிட ருசியானதை எறிந்துவிட்டு நகர்ந்துவிடுவேன். நாள் போகப் போக அந்தத் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். ஆள் வந்தால் பறிபோகும் என்ற எண்ணம் மாற ஒரு வருடம் ஆனது. இடையில் ஒருநாள் தூக்கத்தில் இருந்ததைத் தொட்டேன், மெல்ல உறுமியது. கையை எடுத்துக்கொண்டேன். அந்தச் சத்தத்தைக் கேட்டு அத்தனை நிம்மதியாக இருந்தது.

உங்கள் நாய் உறுமினால் நின்றுவிடுங்கள். கண்ணுக்குள் உற்றுப் பார்க்காமல், பக்கவாட்டில் விலகுங்கள். எதைக் கண்டு உறுமியது என்பதைப் பிறகு யோசிக்கலாம். ஒருநாளும் உறுமாத நாய் உறுமத் தொடங்கினால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்; காது, பல், மூட்டு என எங்காவது வலி இருக்கலாம்.

"தப்பு செஞ்சது அதுக்கே தெரியும்"

காதை மடக்கி, தலையைத் தாழ்த்தி நிற்பதைப் பார்த்துச் சொல்கிறார்கள். நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்தார். தின்பண்டத்தைத் திருடியதா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் சம்பந்தம் இல்லை. திட்டு வாங்கியபோதுதான் அந்த முகம் அதிகம் தெரிந்தது, அதுவும் திருடாமலே திட்டு வாங்கிய நாய்களிடம் கூடுதலாக. கிழிந்த செருப்பைக் காட்டி மணிக்கணக்கு கழித்து அதட்டும்போது நாய் பார்ப்பது உங்கள் கோபத்தை மட்டும்தான்.

ஆளுக்கொரு கட்டளை

ஒருவர் "உட்கார்", இன்னொருவர் "சிட்". ஒன்றை முடிவு செய்யுங்கள்.