தீபாவளியும் வளர்ப்பு நாயும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி பிறந்ததும் புதிதாக நாய் வளர்ப்பவர்கள் என்னிடம் ஆலோசனை கேட்கத் தொடங்கிவிடுவார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறுகளையே அவர்களும் செய்யப்போவது அந்தப் பேச்சிலேயே தெரிந்துவிடும். பட்டாசுக்கு அருகில் நாயை விடக் கூடாது என்பது எல்லோரும் அறிந்ததுதான் என்பதால், மற்றவற்றை மட்டும் எழுதுகிறேன்.

தூக்க மாத்திரை

இன்றும் என்னைக் கோபப்படுத்தும் தவறு இது. எங்கள் வீட்டு மணி நாட்டு நாய். சரவெடி கேட்டால் கட்டிலுக்கு அடியில் புகுந்துவிடுவான். யாரோ சொன்னார்கள் என்று மருந்துக் கடையில் அசிபுரோமசின் மாத்திரை வாங்கி, பண்டிகைக்கு முதல் நாள் மாலை கொடுத்தேன். சற்று நேரத்தில் அசையாமல் படுத்துவிட்டான். நிம்மதியாகத் தூங்குகிறான் என்று மகிழ்ந்தோம். இரவு அருகில் உட்கார்ந்து பார்த்தபோதுதான், கண்கள் பாதி திறந்திருப்பதும், உள்மூலையிலிருந்து சவ்வு ஒன்று கருவிழியின் மேல் ஏறியிருப்பதும், ஒவ்வொரு ஆட்டம் பாமுக்கும் விலாத் தோல் துடிப்பதும், வாயோரம் வழிந்த எச்சிலில் தரை நனைந்திருப்பதும் தெரிந்தன. அவன் தூங்கவில்லை, எழுந்து ஓட முடியாமல் கிடந்தான்.

இந்த மருந்து உடலைத் தளர்த்துமே தவிர, அச்சத்தைப் போக்காது. காது கேட்டுக்கொண்டுதான் இருக்கும். இரத்த அழுத்தத்தையும் குறைப்பதால், வயதான நாய்களுக்கும் இதய நோயுள்ளவற்றுக்கும் ஆபத்தாக முடியலாம். மணி அடுத்த ஆண்டு குக்கர் விசிலுக்குக்கூட நடுங்கினான். "மாத்திரை கொடுத்தோம், நன்றாகத் தூங்கியது" என்று யாரேனும் சொல்லும்போது எனக்கு அந்த ஈரத் தரைதான் நினைவுக்கு வருகிறது.

மூன்று வாரங்களுக்கு முன்பே கால்நடை மருத்துவரைப் பாருங்கள். அச்சத்தையே குறைக்கும் மருந்துகள் இப்போது உள்ளன. அவர் தரும் அளவை ஒரு சாதாரண நாளில் கொடுத்துப் பார்த்துவிட்டு, பண்டிகையன்று நடுக்கம் தொடங்கும் முன்பே கொடுக்க வேண்டும்.

அரசு நேரத்தை நம்புவது

தமிழ்நாட்டில் 2018 முதல் காலை 6 முதல் 7 வரையிலும் இரவு 7 முதல் 8 வரையிலும்தான் வெடிக்க அனுமதி. ஆனால் எண்ணெய்க் குளியல் முடிந்த வீடுகளில் விடியும் முன்பே வெடிச் சத்தம் எழுந்துவிடும். எனவே மாலையிலும் அந்த நேரத்தை நம்பாமல், நடையை நான்கு மணிக்குள் முடித்துவிடுங்கள். மிரண்ட நாய் கழுத்துப்பட்டையைத் தலைவழியே உருவிக்கொண்டு ஓடிவிடும் என்பதால் மார்புப்பட்டையும், தொலைபேசி எண் பொறித்த வில்லையும் அவசியம்.

மொட்டை மாடியில் கட்டிவைப்பது

வேண்டவே வேண்டாம்.

தேற்றினால் பயம் வளரும் என்ற எண்ணம்

தவறான எண்ணம். மடியில் தலை வைத்தால் தடவிக்கொடுங்கள்.

பலகாரம்

கேசரியிலும் பாயசத்திலும் கிடக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும்.

மறுநாள் வாசல்

வெடிக்காத பட்டாசையும் மருந்துத் தூள் ஒட்டிய காகிதத்தையும் நாய்கள் கவ்விக் கடிக்கும். வாசலைப் பெருக்கிக் கழுவிய பிறகே நாயை வெளியே விடுங்கள்.