ஷூல் திரையும் தோரா உறையும் தைக்க ஆர்டர் வந்தால்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தேர்ச்சீலையும் கோயில் கொடியும் தைத்துப் பழகிய கடைக்கு யூதர்களின் ஜெப ஆலய வேலை (இங்கே அவர்கள் ஷூல் என்பார்கள்) கைக்குப் புதிதல்ல. வெல்வெட், சரிகை, ஆரி ஊசி எல்லாம் ஒன்றுதான். நஷ்டம் வருவது துணியை வெட்டுவதற்கு முன் கேட்காமல் விட்ட கேள்விகளால்.

முதல் கேள்வி தேதி. யூதப் புத்தாண்டும் அதன் பத்தாம் நாளான யோம் கிப்பூரும் செப்டம்பர், அக்டோபரில் வரும். அப்போது ஷூலில் வெள்ளைத் திரையும் வெள்ளை உறைகளும் போடுவார்கள். நமக்கோ அது புரட்டாசியும் தீபாவளி அவசரமும் சேரும் நேரம். 2026இல் புத்தாண்டு செப்டம்பர் 11 மாலை தொடங்குகிறது. அதற்கு வெள்ளை செட் வேண்டுமென்றால் வரைபடம் ஏப்ரலுக்குள் கையெழுத்தாகிவிட வேண்டும். ஜூலையில் வந்து கேட்டால் எழுத்தில்லாத எளிய மேசைவிரிப்பை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். வெள்ளி சூரியன் மறைந்ததிலிருந்து சனி இரவு வரை போன் செய்யாதீர்கள், பொருளையும் கொண்டுபோகாதீர்கள்.

வேண்டியது எது என்று பொருள் பொருளாக எழுதி வாங்குங்கள். தோரா என்ற வேதம் எழுதிய தோல்தாள் சுருள்கள் இருக்கும் பேழையின் முன் தொங்குவது பரோகெத். அதற்கு மேலே குறுக்காக வரும் குட்டைத் தொங்கல் கப்போரெத். ஒவ்வொரு சுருளுக்கும் போடும் சட்டை மெஈல். இவை தவிர, வாசிப்பு மேசைக்கு ஒரு விரிப்பு. 'ஒரு செட்' என்று வாய்ச்சொல்லாக விட்டால் இருபக்கமும் வெவ்வேறு எண்ணிக்கையை மனதில் வைத்திருப்பார்கள்.

துணியில் இரண்டு கட்டுப்பாடு. கம்பளியும் லினனும் கலந்த துணியை அவர்கள் சமயச் சட்டம் உடையில் தடுக்கிறது. திரைக்கும் அது பொருந்துமா என்று ரபியிடம் (அவர்களின் மதகுருவிடம்) கேட்கலாம், ஆனால் இரண்டையும் தவிர்த்துவிடுவதே சுலபம். மேல்துணியில் யாரும் தவறுவதில்லை. உள்ளே வைக்கும் கோட் கேன்வாஸில்தான் இந்தக் கலப்பு ஒளிந்திருக்கும். பருத்தி டிரில் வையுங்கள். இரண்டாவது, சுவாமிக்குச் சாத்திய புடவையோ அதிலிருந்து பிரித்த சரிகையோ ஒரு இழைகூட உள்ளே போகக்கூடாது. நமக்கு அது பிரசாதம், அவர்களுக்கு அது விலக்கு. புதுத் துணிச்சுருளிலிருந்து வெட்டுங்கள்.

உருவங்களில் கிரீடம், இரட்டைத் தூண், இரு கற்பலகை, சிங்கம் வழக்கமானவை. மனித உருவம் வேண்டாம். சிங்கத்தை நம் ஆட்கள் கையில் விட்டால் யாளியாகிவிடும், அதனால் படத்தை அவர்களிடமே வாங்குங்கள். ஆறுமுனை நட்சத்திரம் நம் அறுகோணச் சக்கரமேதான். பழக்கத்தில் நடுவில் புள்ளியோ எழுத்தோ வைத்துவிடாதபடி தைப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

அதிகம் கெடுவது எபிரேய எழுத்து. அது வலமிருந்து இடம் ஓடும். எம்பிராய்டரி மென்பொருளில் ஒட்டியதும் வரிசை தலைகீழாகிவிடுவது அன்றாடம் நடப்பது. அதனால் தட்டச்சு செய்த வாசகத்தை வாங்காதீர்கள், எழுத்துகளின் வெளிக்கோட்டுப் படமாகக் கேளுங்கள். தாலெத், ரேஷ் என்ற இரு எழுத்துகள் மூலையின் கூர்மையில்தான் வேறுபடும். 'ஒன்று' எனப் பொருள்படும் எஹாதின் கடைசி எழுத்தில் அந்த மூலை மழுங்கினால் அது அஹேர், அதாவது 'வேறொன்று' என்றாகிவிடும். கடவுள் ஒருவரே என்று சொல்லும் இடத்தில் இதைவிடப் பெரிய பிழை கிடையாது. யூத நாட்காட்டியின் ஆண்டையும் எழுத்துகளிலேயே எழுதுவார்கள், ஆயிரத்தை விட்டுவிடுவது வழக்கம். 5786 என்றால் தாவ், ஷின், பே, வாவ். 5787 என்றால் கடைசியில் வாவ் போய் ஸாயின் வரும், இரண்டுக்கும் தலைப்பகுதியில்தான் வித்தியாசம். ஆண்டு மாறுவது புத்தாண்டில் என்பதால், நன்கொடையாளர் சொல்லும் தேதி அதற்கு முன்னா பின்னா என்று கேளுங்கள்.

முழு அளவில் தாளில் அச்சிட்டு, எபிரேயம் வாசிக்கும் இருவரிடம் தனித்தனியே காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். ஒருவர் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி, ஒவ்வொன்றாகப் படிக்கட்டும். பழக்கமான வாசகத்தைக் கண் தானே சரிசெய்துகொள்ளும், பின்னோக்கிப் படித்தால் அது நடக்காது. இறைவனின் பெயர் வராத வாசகமாகத் தரச் சொல்லுங்கள். அந்தப் பெயர் எழுதிய துணியைக் குப்பையில் போட முடியாது, அதனால் கெட்டுப்போன மாதிரித் துண்டைக்கூட அவர்களிடம் திருப்பித் தர வேண்டியிருக்கும்.

மெஈலுக்கு அளவெடுக்கும்போது சுருளை நீங்கள் தொடாதீர்கள். தோல்தாளைக் கைபடத் தொடுவது அவர்களுக்கே கூடாது. டேப்பை அவர்களிடம் கொடுத்து மூன்று அளவு கேளுங்கள்: தோல்தாளின் உயரம், சுற்றிய சுருளின் மிகப் பருத்த இடத்துச் சுற்றளவு, மேலே நீட்டியிருக்கும் இரு தண்டுகளின் நடுவிலிருந்து நடு. மூன்றாவது அளவு ஆண்டு முழுக்க மாறும். வாசிக்க வாசிக்க ஒரு உருளை மெலிந்து மற்றது பருக்கும். ஆகவே உச்சியில் வைக்கும் நீள்வட்டப் பிளைவுட்டில் துளைகளை வட்டமாகப் போடாமல் நீட்டிப் போடுங்கள். சுற்றளவில் 4, 5 செ.மீ. தளர்வும், உயரத்தில் தோல்தாளைத் தாண்டி 2, 3 செ.மீ.யும் விடலாம். முதலில் காடாத் துணியில் ஒன்று தைத்து மாட்டிப் பாருங்கள். முன்பக்க நடுவில் வெள்ளி மார்புத்தகடு தொங்கும், அது உரசும் இடத்தில் கல்லோ புடைத்த ஜர்தோசியோ வைத்தால் விரைவில் உதிரும்.

திரைக்குப் பேழைத் திறப்பின் அகலத்தோடு இருபுறமும் 10 முதல் 15 செ.மீ. கூட்டுங்கள். எல்லாத் துண்டிலும் வெல்வெட்டின் ரோமம் ஒரே திசையில் படியவேண்டும், இல்லாவிட்டால் விளக்கொளியில் இரு நிறமாகத் தெரியும். எம்பிராய்டரி துணியைச் சுருக்கும், எனவே சுற்றிலும் 10 செ.மீ. அதிகம் விட்டுத் தைத்து, பிறகு வெட்டுங்கள். வெல்வெட்டை எம்பிராய்டரி வளையத்தில் இறுக்கினால் தடம் போகாது. துணிக்கு அடியில் வைக்கும் ஸ்டெபிலைசர் தாளை மட்டும் வளையத்தில் பூட்டி, துணியை அதன்மேல் ஒட்டி வையுங்கள். மேலே கரையும் படலம் போட்டால் தையல் ரோமத்துக்குள் அமிழாது. பெரிய எழுத்தை ஒரே சாட்டின் தையலில் நிரப்பினால் இழை தொங்கி மாட்டும், துணி வெட்டி ஒட்டி ஓரம் தைப்பதே நிற்கும். நடுத்தையலில் கரண்ட் போனால் எழுத்து நகர்ந்துவிடும், மெஷினுக்கு யூபிஎஸ் அவசியம். செம்பு, வெள்ளிச் சரிகை டர்பன் கடற்காற்றில் கறுக்கும், பாலியஸ்டர் உலோக நூல் அவ்வளவு மின்னாது, ஆனால் நிறம் மாறாது.

கீழ் ஓரத்தை உடனே மடிக்காதீர்கள். திரையை ஒரு வாரம் தொங்கவிட்டால் எடையில் இறங்குவதெல்லாம் இறங்கிவிடும். அதன்பிறகு தரையிலிருந்து 2 செ.மீ. விட்டு மடியுங்கள்.

பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: பாதி முன்பணம், எழுத்து வேலை முடிந்ததும் கால், மாட்டியபின் மீதி. கமிட்டியில் பத்து பேர் கருத்துச் சொல்லலாம், கையெழுத்து ஒருவருடையதாக இருக்கட்டும். கையெழுத்தான பின் வரும் திருத்தத்துக்குத் தனிக் கட்டணம் என்று முதல் நாளே எழுதிவிடுங்கள். ஒப்படைக்கும்போது அரை மீட்டர் மீதித் துணியையும் நூல் எண்களையும் ஒரு உறையில் போட்டுக் கொடுங்கள், பழுதுபார்க்க உதவும்.